திரைக்கு அப்பால் கல்வி

உரைநடை உலகம்

நுழையும்முன்

நூலும் ஆசிரியரும் மட்டும் சேர்ந்து கல்வியை உருவாக்கிவிடுவதில்லை. உடன் பயில்வோரும், கற்பதற்கு அமைந்த இடமும், கலக்கமற்ற மனமும் அதன் இன்றியமையா உறுப்புகளாகும். கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறை கைப்பேசித் திரைக்குள் புகுந்தபோது இவ்வுறுப்புகள் ஒன்றையொன்று பிரிந்தன. அக்காலத்தில் கல்லூரி மாணவர்கள் இணையவழிக் கற்றலை எவ்வாறு நோக்கினர், அந்நோக்கு அவர்களது மனநலத்தோடு எவ்வாறு பிணைந்திருந்தது, அப்பிணைப்பை ஆராய்வோர் எவற்றைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்பவற்றைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பின்னணியில் இப்பாடம் விளக்குகிறது.

கதவடைத்த கல்லூரிகள்

2020ஆம் ஆண்டு மார்ச் மாத நடுவில் தமிழ்நாட்டின் கல்லூரிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. சில வாரங்களில் எல்லாம் சீராகிவிடும் என்றே பலரும் எண்ணினர். அந்த எண்ணம் பொய்த்தது. இறுதியாண்டு மாணவர்களுக்கு 2020 டிசம்பரிலும், ஏனையோர்க்கு 2021 பிப்ரவரியிலும் கல்லூரிகள் திறக்கப்பட்டன. இரண்டாம் அலை எழவே, அடுத்த மாதமே வகுப்புகள் மீண்டும் இணையத்திற்கு மாறின. 2021 செப்டம்பர் முதல் நாள்தான் கல்லூரி வாயில்கள் மறுபடியும் திறந்தன. மூன்றாண்டு இளநிலைப் பட்டப்படிப்பில் ஏறத்தாழப் பாதிக்காலத்தை ஒரு மாணவர் கல்லூரியைக் காணாமலேயே கழிக்க நேர்ந்தது.

இஃது ஒரு மாநிலத்திற்கோ ஒரு நாட்டிற்கோ மட்டும் நேர்ந்ததன்று. 190க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களின் கல்வி அந்த ஆண்டில் தடைப்பட்டது என்று ஐக்கிய நாடுகள் அவை கணக்கிட்டது. எனினும், உலகம் முழுவதற்கும் பொதுவான அத்துன்பம் எல்லா ஊர்களிலும் ஒரே அளவில் அமையவில்லை. இருந்த இடமும் வாய்த்த வசதியும் அதன் கனத்தைக் கூட்டின, குறைத்தன.

விரும்பி ஏற்றதும் வேறுவழியின்றி ஏற்றதும்

ஆசிரியரை நேரில் காணாமல் கற்கும் முறை புதியதன்று. இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே வெளியூர் மாணவர்கள் தேர்வெழுதிப் பட்டம் பெற வழிசெய்தது. இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி நிறுவனம் 1981இலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002இலும் தோன்றின. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து வழங்கும் என்.பி.டி.இ.எல். காணொலிப் பாடங்களும், 2017இல் தொடங்கப்பெற்ற 'சுவயம்' தளமும் இணையவழிக் கல்வியைப் பலர்க்கும் எட்டச் செய்தன.

இவற்றில் சேர்ந்தோர் தம் விருப்பத்தால் சேர்ந்தவர்கள். பணிக்குச் சென்றுகொண்டே பட்டம் பெற விழைந்தவர், ஒரு குறிப்பிட்ட பாடத்தை ஆழமாகக் கற்க விரும்பியவர், முன்பு விட்டுப்போன கல்வியைத் தொடர எண்ணியவர் எனப் பலரும் தமக்கேற்ற காலத்தையும் வேகத்தையும் தாமே தேர்ந்தெடுத்தனர். 2020இல் அந்தத் தேர்வுரிமை யார்க்கும் இல்லை. கரும்பலகையின் முன் நடத்தத் திட்டமிட்ட பாடம் அப்படியே கைப்பேசிக்குள் பெயர்க்கப்பட்டது. ஆசிரியர்களும் அதற்குமுன் பழகாத முறையில் ஒரே இரவில் பாடம் நடத்தத் தொடங்கினர். எனவே, அக்காலத்து மாணவர்களின் மனப்பான்மையை ஆராயும்போது, அஃது இணையக் கல்வியைப் பற்றிய கருத்தா, நெருக்கடியில் திணிக்கப்பட்ட ஏற்பாட்டைப் பற்றிய கருத்தா என்று பிரித்தறிதல் வேண்டும்.

இரு மாவட்டங்களின் நிலை

கொள்ளிடத்திற்கும் வெள்ளாற்றிற்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் பெரம்பலூரும் அரியலூரும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிக்கப்பட்டது; பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்து, 2007 முதல் தனி மாவட்டமாக நிலைபெற்றது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முந்திரி ஆகிய பயிர்களும், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும், சிமெண்ட் ஆலைகளும் இப்பகுதி மக்களின் வாழ்வாதாரங்கள். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு மக்களுள் ஏறத்தாழ 48 விழுக்காட்டினர் நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர். பெரம்பலூரில் இது 17 விழுக்காடு; அரியலூரில் 11 விழுக்காடு மட்டுமே. இங்குள்ள கல்லூரி மாணவர்களுள் மிகப்பலர் சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வந்து பயில்பவர்கள். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்களும் அவர்களுள் பலர்.

இத்தகைய சிற்றூர் வீட்டிற்குள் இணைய வகுப்பு நுழைந்ததை எண்ணிப் பார்க்கலாம். ஒரே அறையில் சமையலும் உறக்கமும் உரையாடலும் நிகழும் வீடு அது. ஒரு கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பகிர்ந்துகொள்ள வேண்டிய நிலை. தந்தை வேலைக்குச் செல்லும்போது அக்கைப்பேசியும் உடன் சென்றுவிடும். வீட்டில் இருக்கும் மகள் வகுப்பில் இருக்கிறாள் என்பது பெற்றோர்க்கு எளிதில் புலப்படாது. "போனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாயே" என்ற சொல்லும், பாடத்தின் நடுவே வந்து சேரும் வீட்டு வேலையும் பெண்பிள்ளைகளின் கவனத்தைச் சிதறடித்தன. ஊரடங்கால் கூலிவேலை நின்ற குடும்பத்தில் இணையக் கட்டணம் மற்றொரு செலவாக வந்து சேர்ந்தது.

2017–18ஆம் ஆண்டில் நடைபெற்ற 75ஆம் சுற்றுத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு இந்நிலையைத் தேசிய அளவில் காட்டுகிறது. அப்போது இந்திய நகர்ப்புற வீடுகளில் 42 விழுக்காட்டிலும், ஊரக வீடுகளில் 15 விழுக்காட்டிலும் இணைய வசதி இருந்தது. கணினி உள்ள ஊரக வீடுகள் ஏறத்தாழ 4 விழுக்காடு மட்டுமே. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் அரசுப் பள்ளிகளில் பயின்ற பலரிடம் கணினி இருந்தது. ஆனால், கருவி மட்டும் போதாது. அதற்கு இணைப்பு வேண்டும். இக்குறையை ஓரளவு போக்கும் பொருட்டு, 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை நாள்தோறும் 2 ஜிபி அளவுள்ள இணையத்தரவை 9.69 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு விலையின்றி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தரவு அட்டை கைக்கு வந்தாலும் அலைபேசிக் கோபுரத்தின் அலை எட்டாத ஊர்களில் அது முழுப்பயன் தரவில்லை. மரக்கிளையிலும் மேட்டுநிலத்திலும் அமர்ந்து பாடம் கேட்ட மாணவர்களைப் பற்றிய செய்திகள் அந்நாளில் தமிழ்நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிவந்தன.

மனப்பான்மையை அளத்தல்

ஒன்றைப் பற்றி ஒருவர் கொள்ளும் நிலைத்த நோக்கே மனப்பான்மை. அதில் அறிதல், உணர்தல், செயற்படுதல் என்னும் மூன்று கூறுகள் உள்ளன. 'பதிவுசெய்த பாடத்தை மறுபடியும் கேட்கலாம்' என்பது அறிதல். 'திரையின்முன் அமர்ந்தால் சலிப்பு வருகிறது' என்பது உணர்தல். வகுப்பில் இணைந்துவிட்டு ஒளிப்படக்கருவியை அணைத்துவிடுதல் செயற்படுதல். இம்மூன்றும் எப்போதும் ஒத்துச் செல்வதில்லை. இணைய வகுப்பு பயனுடையது என்று அறிந்த மாணவரே அதை வெறுக்கவும் கூடும். ஆதலின், "பிடிக்குமா, பிடிக்காதா?" என்ற ஒற்றைக் கேள்வியால் மனப்பான்மையை அறிந்துவிட முடியாது.

தெரிந்து தெளிவோம்

மனப்பான்மையை அளக்க அமெரிக்க உளவியலறிஞர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் ஒரு முறையை வகுத்தார். பல கூற்றுகளைக் கொடுத்து, ஒவ்வொன்றையும் 'முற்றிலும் ஏற்கிறேன்' என்பதுமுதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' என்பதுவரை ஐந்து நிலைகளில் மதிப்பிடச் செய்வது அம்முறை. 'இணைய வகுப்பில் ஐயம் கேட்க எனக்குத் தயக்கமில்லை' என்பது போன்ற உடன்பாட்டுக் கூற்றுகளோடு, 'இணைய வகுப்பில் தனித்து விடப்பட்டதாக உணர்கிறேன்' என்பது போன்ற எதிர்நிலைக் கூற்றுகளும் கலந்திருக்கும். எதிர்நிலைக் கூற்றுகளுக்கு மதிப்பெண் தலைகீழாக இடப்படும். சிந்திக்காமல் எல்லாவற்றிற்கும் ஒரே விடையைக் குறிப்போரை இதனால் கண்டறியலாம்.

ஆய்வில் மற்றொரு நுட்பமும் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் வினாநிரல்கள் பெரும்பாலும் இணையப் படிவங்களாகவே அனுப்பப்பட்டன. அலை எட்டாத ஊரிலும் கைப்பேசி இல்லாத வீட்டிலும் இருந்த மாணவரால் அப்படிவத்தை நிரப்ப இயலாது. இணைய வகுப்பால் மிகுதியும் துன்புற்றவரே ஆய்வின் கணக்கில் இல்லாமற் போகிறார். எனவே, ஓர் ஆய்வின் முடிவைப் படிக்கும்போது 'எத்தனைபேர் இவ்வாறு கூறினர்?' என்று கேட்பதோடு, 'யாரிடம் கேட்கவில்லை?' என்றும் கேட்டல் அறிவுடைமை.

மனநலம் என்பது யாது?

நோயின்மை மட்டுமே மனநலம் அன்று. தன் திறன்களை உணர்தல், அன்றாட வாழ்வின் அழுத்தங்களைத் தாங்குதல், பயனுள்ள வகையில் கற்றல் அல்லது உழைத்தல், தான் வாழும் சமூகத்திற்குத் தன் பங்கை அளித்தல் ஆகியவற்றிற்கு இயன்ற நல்ல மனநிலையையே உலக நலவாழ்வு அமைப்பு மனநலம் என்று விளக்குகிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆய்வாளர்கள் உருவாக்கிய வார்விக்–எடின்பரோ மனநல அளவுகோல் இக்கருத்தை அடியொற்றியது. நம்பிக்கை, தெளிந்த சிந்தனை, பிறரோடு நெருக்கம் முதலியவற்றைக் குறித்த 14 கூற்றுகள் அதில் உள்ளன. கடந்த இரு வாரங்களில் அவற்றை எந்த அளவு உணர்ந்தார் என்று ஒருவர் குறிக்கவேண்டும். பெறும் மதிப்பெண் 14 முதல் 70 வரை அமையும்.

பதினெட்டு முதல் இருபத்தொரு வயதுவரை உள்ள பருவம் புதிய நட்பும் புதிய பொறுப்பும் அரும்பும் காலம். வகுப்பு தொடங்குமுன் மரத்தடியில் பேசும் பேச்சு, பேருந்தில் நின்றபடியே பகிரும் பாடக்குறிப்பு, தேர்வு அச்சத்தைத் தணிக்கும் நண்பரின் ஒரு சொல் ஆகியவை பாடத்திட்டத்தில் இடம்பெறுவதில்லை. ஆயினும், மாணவரின் மனத்தை நிலைநிறுத்துபவை அவையே. பெருந்தொற்று அவற்றை முதலில் பறித்தது. தேர்வு நடக்குமா, நடக்காதா என்ற ஐயமும் நெடுநாள் நீடித்தது. இறுதிப்பருவத் தேர்வு நடத்தப்பட வேண்டும் என்ற நெறிமுறையை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 28இல் உறுதிசெய்யும்வரை நாடு முழுவதும் இறுதியாண்டு மாணவர்கள் தெளிவின்றித் தவித்தனர். இவற்றோடு நோயச்சமும், உறவினரின் இழப்பும், வேலைவாய்ப்புப் பற்றிய கவலையும் சேர்ந்தன.

திரை தரும் களைப்பு

காணொலி வகுப்பில் உடலுழைப்பு இல்லை. ஆயினும் களைப்பு உண்டு. இதற்கான காரணங்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெரமி பெய்லன்சன் 2021இல் நான்காக வகுத்துரைத்தார். பலரின் முகங்களை மிக அருகில் நெடுநேரம் நோக்குதல் ஒன்று. தன் முகத்தையே இடைவிடாது திரையில் கண்டு தன்னைத்தானே எடைபோட்டுக்கொள்ளுதல் மற்றொன்று. இருக்கையை விட்டு அசைய இயலாமை மூன்றாவது. நேரில் இயல்பாகப் புலப்படும் தலையசைப்பையும் கண்குறிப்பையும் திரைவழி உணரவும் உணர்த்தவும் மனம் கூடுதலாக உழைக்க வேண்டியிருத்தல் நான்காவது. சிறிய கைப்பேசித் திரையில் எழுத்தைக் கூர்ந்து நோக்கிப் பாடம் கேட்டவர்க்குக் கண்வலியும் தலைவலியும் உடன் சேர்ந்தன.

இக்களைப்பைச் சோம்பல் எனக் கொள்வது தவறு. 'வீட்டில் இருந்துகொண்டே படிக்கத் தெரியவில்லையா?' என்ற வினா, மாணவரின் இயல்பான சோர்வைக் குற்றவுணர்வாக மாற்றிவிடுகிறது. கவனம் சிதறுவது தன் குறை என்று எண்ணும் மாணவர், ஐயம் கேட்பதையும் நிறுத்திக்கொள்கிறார்.

தொடர்பும் காரணமும்

மனப்பான்மை மதிப்பெண்ணையும் மனநல மதிப்பெண்ணையும் ஒப்பிடும் ஆய்வாளர், இரண்டும் சேர்ந்து உயர்கின்றனவா என்பதை ஒட்டுறவுக்கெழு என்னும் எண்ணால் குறிப்பர். அது −1 முதல் +1 வரை அமையும். இரண்டும் சேர்ந்து உயர்ந்தால் அவை தொடர்புடையன என்று கூறலாம். ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. இணையக் கல்வியை வெறுத்ததால் மனம் சோர்ந்ததா? சோர்ந்த மனத்தால் இணையக் கல்வி வெறுப்பூட்டியதா? அன்றி, வறுமை, இடநெருக்கடி, இணைப்பின்மை ஆகிய மூன்றாம் காரணம் இரண்டையும் ஒருசேரத் தாழ்த்தியதா?

இம்மூன்றாம் வினாவே முதன்மையானது. தனியறையும் மடிக்கணினியும் தடையற்ற இணைப்பும் உள்ள மாணவர்க்கும், கைப்பேசிக்காகத் தம்பியிடம் காத்திருக்கும் மாணவர்க்கும் ஒரே வகுப்பு ஒன்றாக அமைவதில்லை. முன்னவரின் இசைவான மனப்பான்மையை ஊக்கம் என்றும், பின்னவரின் வெறுப்பை ஊக்கமின்மை என்றும் எழுதிவிட்டால், ஆய்வு வாழ்நிலையை அளந்துவிட்டு அதனை மாணவரின் குணமென்று பெயரிட்டதாகிவிடும். இணையவழிக் கற்றலைப் பற்றிய மனப்பான்மை, கற்பவரின் உள்ளத்தில் மட்டும் பிறப்பதன்று; அவர் அமர்ந்து கற்கும் இடத்திலும் பிறக்கிறது.

கல்மரம் கற்பிக்கும் பாடம்

திரையால் எதைத் தர இயலும், எதைத் தர இயலாது என்பதற்கு இம்மாவட்டங்களின் மண்ணிலேயே சான்று உண்டு. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட மரம் ஒன்று கல்லாகிக் கிடக்கிறது. அதன் நீளம் 18 மீட்டருக்கும் மேல். இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் இதனை அறிவியல் உலகிற்கு அறிவித்தார். காரை முதலிய ஊர்களின் அரிப்பு நிலங்களிலும் அரியலூர்ப் பகுதியிலும் கடல்வாழ் உயிரிகளின் தொல்லெச்சங்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. ஒரு காலத்தில் இந்நிலத்தைக் கடல் சூழ்ந்திருந்தது என்பதற்கு அவை சான்றாகும். இதனால் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் புவியியல் மாணவர்கள் களப்பயணமாக இங்கு வருகின்றனர்.

கல்மரத்தின் வயதையும் நீளத்தையும் அது உருவான முறையையும் ஒரு காணொலி தெளிவாக விளக்கிவிடும். உலகின் பிற கல்மரங்களோடு ஒப்பிட்டும் காட்டும். வகுப்பறை உரையைவிட அது சிறப்பாகவே அமையலாம். ஆயினும், வெயிலில் அம்மரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து, அதன் வரிகளைத் தொட்டுப் பார்த்து, "இது மரமா, பாறையா?" என்று அருகில் நிற்கும் நண்பரோடு வாதிடும்போது பிறக்கும் அறிவு வேறு. ஆய்வுக்கூடத்தில் அமிலத்தைத் துளித்துளியாக விடும் கைப்பழக்கமும், செவிலியர் கல்வியில் நோயாளியின் கையைப் பற்றும் பக்குவமும் இத்தகையனவே. திரை செய்தியைத் தரும். பழக்கத்தையும் தோழமையையும் களமே தரும்.

இதனால் இணையக் கல்வி பயனற்றது என்று கொள்ளலாகாது. வகுப்பில் எழுந்து கேட்கக் கூசும் மாணவர் உரையாடற் பெட்டியில் தயங்காது வினவுகிறார். மெல்லக் கற்பவர் பதிவுசெய்த பாடத்தை மீண்டும் மீண்டும் கேட்டுத் தெளிகிறார். தம் ஊரை விட்டு நீங்காமலேயே ஒரு சிற்றூர் மாணவி இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியரின் பாடத்தைக் கேட்கலாம். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் திறன்பயிற்சிக்கு இணையத்தைப் பயன்படுத்துகிறது. நேர்வகுப்பிற்குத் துணையாக நிற்கும்போது இணையம் வலிமை பெறுகிறது. அதற்கு மாற்றாக நிறுத்தப்படும்போதே தடுமாறுகிறது.

கைகொடுக்கும் வழிகள்

இணைய வகுப்புகளைத் திட்டமிடுவோர் சிலவற்றை எளிதில் செய்யலாம். பாடவேளையைச் சுருக்கி இடையிடையே ஓய்வு அளித்தல், குறைந்த தரவில் கேட்கத்தக்க ஒலிப்பதிவுகளை வழங்குதல், இணைப்பு அறுந்தவரை வருகையின்மைக்காகத் தண்டியாது விடுதல், ஐந்தாறு மாணவர் கொண்ட சிறு குழுக்களை அமைத்து ஒருவரையொருவர் விசாரிக்கச் செய்தல் ஆகியன அவை. மாணவர்கள் தம் அளவில் உறங்கும் நேரத்தை ஒழுங்குபடுத்தலாம். திரையை விட்டு நீங்கி விளையாடலாம். நாள்தோறும் ஒரு நண்பரிடமாவது மனம்விட்டுப் பேசலாம்.

இரு வாரங்களுக்கு மேலும் தொடரும் துயரம், உறக்கமின்மை, பசியின்மை, யாரோடும் பேசாது ஒதுங்குதல், வாழ்வில் பிடிப்பின்மை ஆகியவை தோன்றினால் தயங்காது உதவியை நாடவேண்டும். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்வதில் நாணம் இல்லாததுபோல் மனச்சோர்விற்குச் செல்வதிலும் நாணம் தேவையில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநல மருத்துவம் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக ஆக்கியுள்ளது. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே அழைத்துப் பேசலாம்.

பெருந்தொற்று நீங்கிவிட்டது, இணையவழிக் கற்றல் நீங்கவில்லை, இனி நீங்கவும் போவதில்லை. கல்லூரிக் கல்வியை எதிர்நோக்கும் இளையோர் அதனை வெறுக்கவும் வேண்டா. வியந்து போற்றவும் வேண்டா. ஒரு கல்விமுறை நல்லதா என்பதை அதன் தொழில்நுட்பத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்யலாகாது. அம்முறையில் இணைப்பறுந்து விடுபட்டவர் யார், அவரைத் தேடிச் சென்றவர் யார் என்ற இரு வினாக்களுக்கும் கிடைக்கும் விடையைக் கொண்டே அதனை மதிப்பிடவேண்டும்.

கற்பவை கற்றபின்

1. இணையவழிக் கற்றல் குறித்த மனப்பான்மையை அறிய உடன்பாட்டுக் கூற்றுகள் ஐந்தும் எதிர்நிலைக் கூற்றுகள் ஐந்தும் கொண்ட வினாநிரல் ஒன்றைக் குழுவாக உருவாக்குக. இணைய வசதி இல்லாதவர்களின் கருத்தை எவ்வாறு பெறுவீர்கள் என்பதையும் குறிப்பிடுக.

2. 'கல்லூரிக் கல்விக்கு ஏற்றது நேர்வகுப்பே – இணைய வகுப்பே' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. உங்கள் ஊருக்கு அருகில், நேரில் கண்டால் மட்டுமே முழுமையாகக் கற்கத்தக்க ஓரிடத்தைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக

1. கூற்று: மனப்பான்மையும் மனநலமும் சேர்ந்து உயர்ந்தால் ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகும்.
காரணம்: இரண்டையும் பாதிக்கும் மூன்றாம் காரணம் ஒன்று இருத்தல் கூடும்.
அ) கூற்றும் காரணமும் சரி
ஆ) கூற்று சரி, காரணம் தவறு
இ) கூற்று தவறு, காரணம் சரி
ஈ) கூற்றும் காரணமும் தவறு

குறுவினா

2. மனப்பான்மையின் மூன்று கூறுகள் யாவை?
3. எதிர்நிலைக் கூற்றுகளை வினாநிரலில் சேர்ப்பது ஏன்?

சிறுவினா

4. காணொலி வகுப்பு தரும் களைப்பிற்குப் பெய்லன்சன் கூறும் காரணங்களை எழுதுக.
5. 'யாரிடம் கேட்கவில்லை?' – ஆய்வில் இவ்வினா பெறும் இடத்தை விளக்குக.

நெடுவினா

6. இணையவழிக் கற்றல் பற்றிய மனப்பான்மை கற்பவரின் வாழ்நிலையோடு பிணைந்தது என்பதைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பின்னணியில் நிறுவுக.